அஞ்சாறு ஓடிடிய விட்டுட்டு ஒரே இன்டர்நெட் டிவிக்கு மாறுறது எப்படி

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், எல்லா படமும் எல்லா சீரிஸும் எல்லா மேட்சும் ஒரே இடத்துல சட்டப்படி கிடைக்கிற சர்வீஸ்னு ஒண்ணு எங்கயுமே கிடையாது. இருக்குன்னு யாராவது சொன்னா அது திருட்டு சரக்கு, அதப்பத்தி கீழ தனியா வரேன். நாம இங்க பண்ணப்போறது என்னன்னா, வீட்டுல உண்மையா பாக்குறதுல பெரும்பகுதிய ஒரே பில், ஒரே ரிமோட்டுக்குள்ள கொண்டு வந்துட்டு, மிச்சம் இருக்குற ஒண்ணு ரெண்ட தேவைப்படுற மாசம் மட்டும் வாங்கி பாத்துட்டு நிறுத்திடுறது. இத மனசுல வச்சுக்கிட்டு ஆரம்பிச்சா ஏமாற மாட்டீங்க.

இந்த நிலைமைக்கு எப்படி வந்தோம்னு எல்லாருக்கும் தெரியும். 2007ல நெட்ஃப்ளிக்ஸ் ஸ்ட்ரீமிங் ஆரம்பிச்சப்போ மத்த கம்பெனிங்க தங்களோட படத்த அங்க வாடகைக்கு விட்டாங்க, அப்புறம் 2019 நவம்பர்ல ஆப்பிள் டிவி பிளஸ், டிஸ்னி பிளஸ், 2020 மே மாசம் எச்பிஓ மேக்ஸ்னு அவனவன் சொந்தக்கடை போட்டு சரக்க திருப்பி எடுத்துக்கிட்டான். அதுக்கப்புறம் விளம்பரம் வர்ற பிளான், 2023ல பாஸ்வேர்ட் ஷேரிங்குக்கு ஆப்பு. ஒரு காலத்துல கேபிள் பில்ல பாத்து அலுத்துதான் இங்க வந்தோம், இப்ப இங்க கட்டுறத கூட்டிப்பாத்தா கேபிளே தேவலன்னு தோணுது.

மொதல்ல கணக்கு எடுங்க

பேங்க் ஸ்டேட்மென்ட், கார்டு ஸ்டேட்மென்ட் ரெண்டையும் ஒரு வருஷத்துக்கு எடுத்து வச்சுக்குங்க, ஒரு மாசம் மட்டும் பாத்தா வருஷ சந்தா கண்ணுல படாது. அதோட நிக்காம போன்ல பிளே ஸ்டோர் இல்லன்னா ஆப் ஸ்டோர் உள்ள போய் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்ன்னு இருக்குற பக்கத்த திறந்து பாருங்க, ஸ்டோர் வழியா வாங்கினது ஸ்டேட்மென்ட்ல பல சமயம் கூகுள், ஆப்பிள்னு மட்டும் தான் வரும், எந்த ஆப்னு தெரியாது. மொபைல் பிளானோடயோ பிராட்பேண்டோடயோ ஃப்ரீயா ஒட்டிக்கிட்டு வந்தது ஏதாவது இருக்கான்னும் பாருங்க. ஒரே ஆப்புக்கு பிளானோட ஒரு தடவ, தனியா ஒரு தடவன்னு ரெண்டு தடவ காசு போயிட்டு இருக்குறது ரொம்ப சகஜம்.

அடுத்து ஒவ்வொரு ஆப்பையும் திறந்து வாட்ச் ஹிஸ்டரிய பாருங்க. இதுதான் உண்மைய சொல்லும். நாம நினைக்கிறது வேற, பாக்குறது வேற. பெரிய லைப்ரரி இருக்குற ஆப்புன்னு பெருமையா வச்சிருப்போம், கடைசியா எதாவது பாத்தது நாலு மாசம் முன்னாடியா இருக்கும். ஒரு பேப்பர்ல மூணு தலைப்பு போட்டு எழுதுங்க: லைவா பாக்குறது (நியூஸ், மேட்ச், சீரியல்), எப்ப வேணா பாக்குறது, பிள்ளைங்க பாக்குறது. வீட்டுல இருக்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு எழுதுங்க, நீங்களா அனுமானம் பண்ணாதீங்க. அம்மா தினமும் பாக்குற ஒரே சேனல் புது சர்வீஸ்ல இல்லன்னா அந்த மாற்றம் ரெண்டு நாள் தாங்காது.

லைவ் தலைப்பு நீளமா இருந்தா உங்களுக்கு இன்டர்நெட் டிவி சரியா வரும். மொத்தமும் "எப்ப வேணா" தலைப்புலயே இருந்துச்சுன்னா நேர்மையா சொல்றேன், சேனல் சர்வீஸ் உங்களுக்கு வேணவே வேணாம், இருக்குற ஆப்புகள்ல ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு மாசாமாசம் மாத்துனாலே பாதி காசு மிச்சம். இத்தோட படிக்கிறத நிறுத்திடலாம்.

ஒரே பேர்ல மூணு சரக்கு

இன்டர்நெட் டிவின்னு விக்கிறது எல்லாம் ஒரே ஜாதி இல்ல, இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க.

ஒண்ணு, பிராட்பேண்ட் கம்பெனியே பாக்ஸ் குடுத்து தர்ற ஐபிடிவி. இதுல சேனல் பொதுவான இன்டர்நெட் வழியா வர்றதில்ல, அவங்களோட சொந்த நெட்வொர்க் உள்ளயே மல்டிகாஸ்ட்னு ஒரு முறைல வருது. அதாவது ஒரு சேனல ஆயிரம் வீடு பாத்தாலும் ஆயிரம் காப்பி அனுப்ப மாட்டாங்க, ஒரே ஓட்டம்தான், அந்த சேனல கேக்குற வீட்டுப்பக்கம் மட்டும் அது கிளை பிரிஞ்சு போகும். அதனால படம் நிக்காது, சேனல் மாத்துனா டக்குனு மாறும். குறை என்னன்னா அந்த கனெக்ஷன விட்டு வேற கம்பெனிக்கு போனா டிவியும் போச்சு, அப்புறம் அவங்க குடுத்த ரவுட்டர தூக்கிட்டு சொந்தமா ஒண்ணு வாங்கி மாட்டுனா பல சமயம் பாக்ஸ் வேலை செய்யாது, ஏன்னா டிவிக்குன்னு ரவுட்டர்ல தனி செட்டிங் இருக்கும்.

ரெண்டு, எந்த இன்டர்நெட்லயும் ஓடுற லைவ் டிவி ஆப். அமெரிக்கால 2015ல வந்த ஸ்லிங் டிவி, 2017ல வந்த யூடியூப் டிவி எல்லாம் இந்த ரகம். பாக்ஸ் கூட வேண்டாம், டிவில ஆப் போட்டு லாகின் பண்ணா போதும், ஊருக்கு போனாலும் கூட வரும், ரெக்கார்டிங் எல்லாம் அவங்க சர்வர்லயே இருக்கும். ஆனா நாடு விட்டு நாடு போனா பெரும்பாலும் ஓடாது.

மூணு, பல ஓடிடிய சேத்து ஒரே சந்தாவா விக்கிற பண்டில். வெளில பாத்தா இதுதான் ரொம்ப மலிவு மாதிரி தெரியும், ஆனா சின்ன எழுத்துல நிறைய ஒளிச்சு வச்சிருப்பாங்க. முப்பது ஆப்னு விளம்பரம் இருக்கும், அதுல நீங்க பேர் கேள்விப்பட்டது நாலு தான் இருக்கும், அந்த நாலும் மொபைல்ல மட்டும் ஓடுற பிளானா இருக்கும், இல்லன்னா விளம்பரத்தோட வர்ற பிளானா இருக்கும், இல்லன்னா 4கே கிடையாது. சில பண்டில்ல எல்லா ஆப் சரக்கும் அவங்க ஆப்புக்குள்ளயே ஓடும், சிலதுல ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியா லாகின் குடுத்து தள்ளி விட்டுடுவாங்க, அப்படின்னா பில் ஒண்ணுதான், தொல்லை பழைய தொல்லையேதான்.

இதுல எத எடுக்குறதுன்னா, டிவிய பழைய மாதிரி சேனல் நம்பர் போட்டு பாக்குற ஆளுங்க வீட்டுல இருந்தா முதல் ரகம். அடிக்கடி வீடு மாறுறவங்க, ரூம்ல தங்கி இருக்குறவங்களுக்கு ரெண்டாவது. மூணாவது ரகத்த தனியா எடுக்க நான் சொல்ல மாட்டேன், முதல் ரெண்டுல எதாவது ஒண்ணோட சேந்து வந்தா சரி.

கஸ்டமர் கேர்ல கேக்க வேண்டியது

சேனல் எத்தனைன்னு கேக்காதீங்க, அந்த எண்ணிக்கைல ஒரு பிரயோஜனமும் இல்ல. நம்ம பேப்பர்ல எழுதுன சேனல் பேர் ஒவ்வொண்ணா சொல்லி இருக்கா, எச்டியா எஸ்டியான்னு கேளுங்க. ஒரே நேரத்துல எத்தன ஸ்க்ரீன் ஓடும்னு கேளுங்க, ஒரே வீட்டுக்குள்ள மட்டுமா வெளிலயும் சேத்தான்னும் கேளுங்க. ரெக்கார்டிங் இருக்கா, இல்ல கேட்ச்அப் மட்டும்தானா? ரெக்கார்டிங்னா நீங்க சேத்து வச்சுக்கலாம், கேட்ச்அப்னா அவங்க குடுக்குற சில நாள் வரைக்கும்தான் பழச பாக்க முடியும், சில சேனலுக்கு அதுவும் இருக்காது. ஒப்பந்த காலம் எவ்வளவு, நடுவுல விட்டா பாக்ஸ திருப்பி குடுக்கணுமா, ஆரம்ப ஆஃபர் முடிஞ்சப்புறம் விலை என்ன? இந்த கடைசி கேள்விக்கு வாயால சொல்றத நம்பாம சாட்லயோ மெயில்லயோ எழுத்துல வாங்கி வச்சுக்குங்க.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க. சேனல் கம்பெனிக்கும் சர்வீஸ் கம்பெனிக்கும் ஒப்பந்தம் முறிஞ்சா ராத்திரியோட ராத்திரியா சேனல் காணாம போயிடும். யூடியூப் டிவில 2021 டிசம்பர்ல டிஸ்னியோட சேனல் எல்லாம் ஒரு ரெண்டு நாள் இல்லாம போய் அப்புறம் திரும்ப வந்துச்சு. சர்வீஸே மூடுறதும் நடக்கும், சோனியோட பிளேஸ்டேஷன் வியூ 2015ல வந்து 2020 ஜனவரில இழுத்து மூடிட்டாங்க. அதனால எவ்வளவு தள்ளுபடி குடுத்தாலும் முதல் தடவையே ரெண்டு வருஷத்துக்கு கட்டாதீங்க, மாசக்கணக்குல போங்க, பிடிச்சா அப்புறம் வருஷத்துக்கு மாத்திக்கலாம்.

நெட்டு தாங்குமா

இத விட்டுட்டு சேனல் லிஸ்ட்ட மட்டும் பாத்து மாறுறவங்கதான் அப்புறம் "சுத்திக்கிட்டே இருக்கு"ன்னு புலம்புறாங்க.

நெட்ஃப்ளிக்ஸ் அவங்க பக்கத்துல சொல்ற கணக்கு, ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15. மத்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இது ஒரு ஸ்க்ரீனுக்கு. ஹால்ல ஒரு டிவி, ரூம்ல ஒண்ணு, ஒருத்தர் வீடியோ கால்ல இருக்கார், பையன் கேம் டவுன்லோட் போட்டிருக்கான்னு எல்லாத்தையும் கூட்டிக்கோங்க. 50 எம்பிபிஎஸ் லைன் சாதாரண வீட்டுக்கு தாராளம், பிரச்சனை பெரும்பாலும் லைன்ல இல்ல, ரவுட்டர்ல இருந்து டிவி வரைக்கும் இருக்குற அந்த பத்தடில தான்.

அதனால ஸ்பீட் டெஸ்ட்ட போன்ல ரவுட்டர் பக்கத்துல நின்னுக்கிட்டு போடாதீங்க. டிவிலயே ப்ரவுசர் இருந்தா ஃபாஸ்ட் டாட் காம் திறந்து பாருங்க, ராத்திரி எல்லாரும் வீட்டுல உக்காந்து எதையாவது பாக்குற நேரத்துல போடுங்க. மத்தியானம் வர்ற நம்பருக்கு மதிப்பு இல்ல. நம்பர் மோசமா இருந்தா வைஃபைய 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க, 2.4ல பக்கத்து வீட்டு ரவுட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாம் சேந்து இரைச்சல் போடும். ஆனா ரெண்டு செவுரு தாண்டுனா 5 கிகாஹெர்ட்ஸ் தளர்ந்துடும். முடிஞ்சா லேன் கேபிள் இழுத்துடுங்க, அதுக்கு மேல தீர்வே கிடையாது. ஒரு வேடிக்கை என்னன்னா நிறைய ஸ்மார்ட் டிவில லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் தான் இருக்கும், விலை ஜாஸ்தியான டிவில கூட. பயப்படாதீங்க, 15 எம்பிபிஎஸ் கேக்குற படத்துக்கு அது எதேஷ்டம், வேகத்த விட சீரா வர்றதுதான் முக்கியம்.

டேட்டா லிமிட் இருக்குற பிளானா இருந்தா கணக்கு போட்டு பாருங்க. 4கே ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 7 ஜிபி. தினம் நாலு மணி நேரம் ஓடுனா மாசம் 840 ஜிபி. கேபிள் மாதிரி டிவிய போட்டுட்டு சமையக்கட்டுல வேலை பாக்குற பழக்கம் இருந்தா இது ரொம்ப சீக்கிரம் தீந்துடும், ஆப் செட்டிங்ல போய் எச்டிக்கு மேல போகாதபடி வச்சுடுங்க. முதல் ரகத்துல, அதாவது கம்பெனி பாக்ஸ்ல, டிவி ஓடுறது டேட்டா கணக்குல சேராம இருக்கலாம், கேட்டு தெரிஞ்சுக்குங்க.

பெட்டி விஷயம்

டிவி அஞ்சாறு வருஷம் பழசுன்னா அதுல இருக்குற ஆப் ஸ்டோர நம்பாதீங்க, ஒரு ஸ்டிக்கோ ஸ்ட்ரீமிங் பாக்ஸோ வாங்கி மாட்டுறது உத்தமம். வாங்குறப்போ வைட்வைன் எல்1 இருக்கான்னு பாருங்க. இது திருட்டுப் பதிவ தடுக்குற பூட்டு, எல்3 மட்டும் இருக்குற பெட்டில பெரிய ஆப்புகள் எல்லாம் எச்டியே குடுக்காது, மங்கலான எஸ்டி தான் வரும். பெட்டி மேல பெருசா 4கேன்னு போட்டிருப்பான், அது உண்மையாவே கூட இருக்கும், ஆனா யூடியூப்ல மட்டும்தான் அந்த 4கே வரும். அதே மாதிரி பழைய சவுண்ட்பாரையோ ஆம்ப்ளிஃபயரையோ நடுவுல மாட்டி எச்டிஎம்ஐ இழுத்திருந்தா அதுல எச்டிசிபி 2.2 (இதுவும் அதே மாதிரி ஒரு பூட்டுதான், எச்டிஎம்ஐ கேபிள் வழிக்கு) இல்லன்னா 4கே வராது. அப்போ பெட்டிய நேரா டிவில சொருகிட்டு, சவுண்ட மட்டும் ஏஆர்சி போர்ட் வழியா வெளில எடுங்க.

ரிமோட்டையும் பாருங்க, சிரிக்காதீங்க. ஸ்டிக்கோட வர்ற ரிமோட்ல நம்பர் பட்டனே இருக்காது. இருபது வருஷமா 107ன்னு அடிச்சு சேனல் வச்சவங்க கைல அத குடுத்தா, மேல கீழ அமுக்கி அமுக்கி பக்கத்துல இருக்குற ஓடிடி பட்டன்ல விரல் பட்டு வேற எங்கயோ போய் நின்னு, "இது என்னடா எழவு"ன்னு ரிமோட்ட சோஃபால போட்டுட்டு எழுந்து போயிடுவாங்க. இதுக்கு ரெண்டு வேலை செய்யலாம். எச்டிஎம்ஐ சிஇசிய ஆன் பண்ணா ஸ்டிக் ரிமோட்ல பவர் அமுக்குனதும் டிவியும் சேந்து ஆன் ஆகி சரியான இன்புட்டுக்கு தானா வந்துடும். ரெண்டாவது, ஃபேவரிட் லிஸ்ட்ல அவங்க பாக்குற நாலு சேனல மட்டும் வச்சு, ஆப் திறந்ததும் அந்த லிஸ்ட் முதல்ல வர்ற மாதிரி செட்டிங் இருந்தா போட்டு விடுங்க.

ரெண்டையும் கொஞ்ச நாள் சேத்து ஓட்டுங்க

பழசு எதையும் நிறுத்தாம புதுச ட்ரையல்லயோ ஒரு மாசத்துக்கோ எடுத்து சேத்து ஓட்டுங்க. ட்ரையல் நாட்கள்ல ஒரு பெரிய லைவ் மேட்ச் வர்ற மாதிரி பாத்து ஆரம்பிங்க, ஏன்னா சாதாரண நாள்ல எல்லா சர்வீஸும் நல்லாதான் ஓடும், கூட்டம் ஏறுற நாள்ல தான் சாயம் வெளுக்கும்.

லைவ்ல இன்னொரு சங்கடம் தாமதம். ஆப்ல வர்ற லைவ் வீடியோ ஒரே ஓட்டமா வர்றதில்ல, சின்னச்சின்ன துண்டா வெட்டி அனுப்புறாங்க. ஆப்பிள் 2009ல கொண்டு வந்த எச்எல்எஸ் முறைதான் இதுல ரொம்ப பிரபலம், அதுல ஒரு துண்டு 6 செகண்ட் வைக்கச் சொல்றாங்க, பிளேயர் வழக்கமா மூணு துண்டு கைல வந்தப்புறம் தான் ஓட்ட ஆரம்பிக்கும், அதுவே 18 செகண்ட் ஆச்சு, சர்வர்ல வீடியோவ தயார் பண்ற நேரமும் சேந்தா முப்பதுக்கு பக்கத்துல போயிடும். பக்கத்து வீட்டுல டிஷ் இருந்தா விக்கெட் விழுந்தத அவங்க கத்தல்ல தான் நீங்க தெரிஞ்சுக்கணும். சில சர்வீஸ்ல லோ லேட்டன்சின்னு ஒரு செட்டிங் இருக்கும், போட்டா கொஞ்சம் குறையும், ஆனா நெட்டு ஆடுனா படம் சீக்கிரம் நிக்கும். இல்லன்னா மேட்ச் நேரத்துல ஸ்கோர் ஆப் நோட்டிஃபிகேஷன ஆஃப் பண்ணிட்டு, குடும்ப க்ரூப்ப மியூட் பண்ணிடுங்க.

சப்டைட்டில் தமிழ்ல வருதா, ஆடியோ மொழி மாத்த முடியுதா, நேத்து விட்ட இடத்துல இருந்து தொடருதா, ரெண்டு டிவில ஒரே நேரத்துல போட்டா எரர் வருதா, இதெல்லாம் பாத்து முடிச்சுடுங்க.

திருட்டு ஐபிடிவி

டெலிகிராம்லயோ வாட்ஸப்லயோ ஒருத்தன் வருவான், பத்தாயிரம் சேனல், எல்லா ஓடிடியும் உள்ள இருக்கு, வருஷத்துக்கு ஒரு ஆப் விலை கூட இல்லன்னு சொல்லி ஒரு எம்3யூ லிங்க்க குடுப்பான். எம்3யூங்கறது தப்பான பொருள் இல்ல, சேனல் முகவரி எழுதி வச்ச சாதா டெக்ஸ்ட் ஃபைல் தான், சட்டப்படி ஃப்ரீயா வர்ற சேனலுக்கும் அதே ஃபைல் தான். பாக்க வேண்டியது விக்கிறவன. கம்பெனி பேர் இல்ல, பில் இல்ல, காசு தனி ஆள் அக்கவுண்ட்டுக்கோ கிரிப்டோலயோ போகுதுன்னா அது திருட்டு தான், வேற விளக்கம் வேண்டாம்.

நியாய அநியாயத்த விடுங்க, கணக்குக்கே கட்டுபடி ஆகாது. 2024 நவம்பர்ல இத்தாலி போலீஸ் தலைமைல, ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் துணையோட பல நாட்டு போலீஸ் சேந்து ஒரு பெரிய நெட்வொர்க்க மூடுனாங்க, அதுல உலகம் முழுக்க 2 கோடியே 20 லட்சத்துக்கு மேல ஆளுங்க பாத்துட்டு இருந்தாங்க, ஒரே நாள்ல ஸ்க்ரீன் கறுப்பு. காசு யார்கிட்ட போய் கேப்பீங்க. இன்னும் மோசம் அவங்க விக்கிற பேர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டி. 2025 ஜூன்ல அமெரிக்க எஃப்பிஐ பேட்பாக்ஸ் 2.0ன்னு ஒரு மால்வேர் பத்தி எச்சரிக்கை விட்டுச்சு, இந்த மாதிரி மலிவு ஸ்ட்ரீமிங் பெட்டிங்க வாங்குறப்பவே உள்ள இருக்கு, இல்லன்னா செட்டப் பண்றப்போ இறங்குது, அப்புறம் உங்க வீட்டு நெட் வழியா வேற எவனோ எதையோ பண்ணுவான், ஐபி அட்ரஸ் மட்டும் உங்களோடது. பிளே ப்ரொடெக்ட்ட (ஆண்ட்ராய்டுல கெட்ட ஆப்ப பிடிக்கிற கூகுளோட காவல்) ஆஃப் பண்ணுன்னு எந்த பெட்டி கேட்டாலும் அத கழட்டி வெளில வச்சுடுங்க.

பழச நிறுத்துற வரிசை

ட்ரையல் திருப்தியா இருந்தா இப்ப வெட்ட ஆரம்பிக்கலாம். ஆப்ப டெலீட் பண்ணா சந்தா நிக்காது, இது தெரியாம வருஷக்கணக்கா காசு போறவங்க இருக்காங்க. எங்க வாங்குனீங்களோ அங்கயே போய் நிறுத்தணும், பிளே ஸ்டோர்ல வாங்குனது பிளே ஸ்டோர்ல, வெப்சைட்ல வாங்குனது வெப்சைட்ல, மொபைல் பிளானோட வந்தது அந்த பிளான்ல. நிறுத்துனாலும் கட்டுன காசுக்கு கடைசி தேதி வரைக்கும் பெரும்பாலும் பாக்க விடுவாங்க, அதனால கடைசி நாள் வரைக்கும் காத்துட்டு இருக்க வேண்டாம், இப்பவே ஆட்டோ ரினியூவல ஆஃப் பண்ணிடுங்க. ட்ரையல் மட்டும் விதிவிலக்கு, சிலதுல நிறுத்துன அந்த நிமிஷமே ஆக்சஸ் போயிடும், அத முன்னாடியே படிச்சுக்குங்க. "போகாதீங்க, பாதி விலைக்கு தரோம்"னு ஒரு பக்கம் வரும், நீங்க ஏற்கனவே வச்சுக்கணும்னு முடிவு பண்ண ஆப்பா இருந்தா மட்டும் அத எடுத்துக்குங்க.

சுழற்சில திரும்ப வரப்போற ஆப் இருந்தா அக்கவுண்ட்ட டெலீட் பண்ணாதீங்க, சந்தாவ மட்டும் நிறுத்துங்க. நெட்ஃப்ளிக்ஸ் நிறுத்துனதுக்கு அப்புறமும் பல மாசம் உங்க ஹிஸ்டரி, ப்ரொஃபைல் எல்லாம் வச்சிருக்கும், அதுக்குள்ள வந்தா விட்ட இடத்துல இருந்தே தொடரலாம். வாராவாரம் ஒரு எபிசோட் விடுற சீரிஸா இருந்தா முழுசும் வந்து முடியட்டும்னு விட்டுட்டு, கடைசி வாரத்துல ஒரு மாச சந்தா போட்டு மொத்தமா பாத்துட்டு அன்னைக்கே ரினியூவல ஆஃப் பண்ணிடுங்க. ஸ்பாய்லர் தாங்க முடியாதவங்களுக்கு இந்த வழி கஷ்டம், ஒத்துக்குறேன்.

நிறுத்தி முடிச்ச ஒவ்வொண்ணுலயும் 'எல்லா டிவைஸ்லயும் சைன் அவுட்'ட அமுக்கிட்டு கார்டு விவரத்த எடுத்துடுங்க, பேங்க் ஆப்ல ஆட்டோ டெபிட் அனுமதி தனியா இருந்தா அதையும் ரத்து பண்ணுங்க. கேன்சல் ஆச்சுன்னு வர்ற மெயில அழிக்காம ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. அடுத்த மாச ஸ்டேட்மென்ட் வந்ததும் அந்த பேப்பர எடுத்து வச்சு ஒரு தடவ சரி பாருங்க, நிறுத்துனதுல எதுக்காவது காசு போயிருந்தா அந்த மெயில காட்டித்தான் திருப்பி கேக்க முடியும்.